கையடக்க அரசமைப்புப் புத்தகம்: பத்தாம் வகுப்புக் குடிமையியலுக்கு வாங்கலாமா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது கைடு கிடையாது. சட்டப் புத்தகம் விற்கிற கடைகளில் பேர் ஆக்ட் என்று கேட்டால் எடுத்துத் தருவார்களே, அந்த ரகம். முகவுரையில் ஆரம்பித்துப் பன்னிரண்டாவது அட்டவணை வரைக்கும் இந்திய அரசமைப்புச் சட்டத்தின் வாசகம் மட்டும், ஆங்கிலத்தில். விளக்கவுரை, மாதிரி வினா, 'நினைவில் கொள்க' என்ற பெட்டி, இதெல்லாம் எதுவும் இல்லை. கையடக்கப் பதிப்பு என்று அட்டையில் போட்டிருக்கிறது. சட்டைப் பையில் நுழையாது, கைப்பையில் நுழையும். விலை முந்நூறு ரூபாய்க்குள். நான் மாலை வேளையில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சமூக அறிவியல் டியூஷன் எடுக்கிறேன், பெரும்பாலும் தமிழ் வழிப் பிள்ளைகள். குடிமையியல் நடத்தும்போது பக்கத்தில் இருக்கட்டும் என்றுதான் வாங்கினேன், இப்போது பாடமே இதை வைத்துத்தான் ஓடுகிறது. வாங்கலாமா என்று கேட்கிறவர்களுக்காகக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

பொருளாகப் பார்த்தால் சுமார்தான். தாள் மெல்லிசு, பின்பக்க எழுத்து முன்னால் தெரிகிறது, ஹைலைட்டர் போட்டால் அடுத்த பக்கத்துக்கும் ஊறும், பென்சில்தான் சரி. முதுகில் வெறும் பசை, தையல் இல்லை. அகலமாக விரித்து மேசையில் வைத்தால் 'பளக்' என்று ஒரு சத்தம் கேட்கும். அடிக்கடி திறக்கிற மூன்றாம் பகுதி (அடிப்படை உரிமைகள்) ஏற்கெனவே தனியாகக் கழன்று வர ஆரம்பித்துவிட்டது. எழுத்து சிறியது, அடிக்குறிப்பு அதைவிடச் சிறியது. நாற்பதைத் தாண்டியவர்கள் கண்ணாடியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்காருங்கள்.

ஆனால் அந்தக் குட்டி எழுத்து அடிக்குறிப்புகளுக்காகவே இந்தப் புத்தகத்தை வாங்கலாம் என்பேன். ஏன் என்று சொல்ல ஒரே ஒரு பக்கத்தைக் காட்டுகிறேன், 19-வது பிரிவு இருக்கிற பக்கம். (ஏ) பேச்சுரிமை, (பி) ஆயுதம் இல்லாமல் அமைதியாகக் கூடும் உரிமை, (சி) சங்கம் அமைக்கும் உரிமை, (டி) நாடு முழுக்கப் போய்வரும் உரிமை, (இ) எங்கும் குடியிருக்கும் உரிமை. அடுத்து (எஃப்) வர வேண்டிய இடத்தில் எழுத்தே இல்லை, வரிசையாக நட்சத்திரக் குறிகள், தலையில் ஒரு பொடி எண். அதற்குக் கீழே நேராக (ஜி), தொழில் செய்யும் உரிமை. நான் எதுவும் சொல்லவில்லை, படிக்க மட்டும்தான் கொடுத்தேன். "மிஸ், இங்க என்ன இருந்துச்சு?" என்று ஒரு பையன் கேட்டான். கைடை வைத்துக்கொண்டு மூன்று மாதம் நடத்தினாலும் அந்தக் கேள்வி வராது, ஏனென்றால் கைடில் ஓட்டை தெரியாது, எல்லாவற்றையும் பூசி மெழுகி வைத்திருப்பார்கள்.

அடிக்குறிப்புக்குப் போனால் 1978-ஆம் ஆண்டின் 44-வது திருத்தம் என்று இருக்கும். சொத்து வாங்கவும் வைத்துக்கொள்ளவும் விற்கவும் இருந்த உரிமை அங்கே இருந்தது. அப்புறம் 31-வது பிரிவைத் திறந்தால் அதுவும் காலி, அதே 44-வது திருத்தம். சரி, அந்த உரிமை எங்கே போனது என்று தேடினால் பன்னிரண்டாம் பகுதியில் 300ஏ என்று ஒற்றை வரியாக உட்கார்ந்திருக்கிறது: சட்டத்தின் அதிகாரம் இல்லாமல் யாருடைய சொத்தையும் பறிக்கக் கூடாது, அவ்வளவுதான். கைடில் இது 'சொத்துரிமை அடிப்படை உரிமைப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்ட ஆண்டு 1978' என்று ஒரு மதிப்பெண் வினாவாக முடிந்துவிடும். இடம் மாறியதால் என்ன ஆனது என்று அது சொல்லாது. மூன்றாம் பகுதியில் இருந்தவரைக்கும் 32-வது பிரிவைப் பிடித்துக்கொண்டு நேராக உச்ச நீதிமன்றத்துக்குப் போகலாம், அங்கிருந்து வெளியே வந்தபிறகு அந்த வாசல் இல்லை, 226-வது பிரிவின்படி உயர் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டிப் புரட்டி இதைப் பிள்ளைகளே கண்டுபிடித்தார்கள், நான் எந்தப் பக்கம் என்று மட்டும்தான் சொன்னேன்.

கைடைப் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் பிள்ளைகள் வைத்திருக்கிற கைடில் (பெயர் வேண்டாம், எல்லாமே ஏறக்குறைய ஒரே மாதிரிதான்) அரசமைப்புப் பாடத்தில் பாதி இடத்தை 'எந்த நாட்டிலிருந்து எது எடுக்கப்பட்டது' என்ற பொருத்துக அட்டவணை பிடித்துக்கொள்கிறது. நெறிமுறைக் கோட்பாடுகள் அயர்லாந்து, அடிப்படைக் கடமைகள் சோவியத் ரஷ்யா, இப்படி. தேர்வில் வரும், படித்துத்தான் ஆக வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் அந்த நெறிமுறைக் கோட்பாட்டில் என்னதான் எழுதியிருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள், வகுப்பே மேலே பார்க்கும். இந்தப் புத்தகத்தில் நான்காம் பகுதி நாலைந்து பக்கம்தான், ஒரே மாலையில் படித்துவிடலாம். 40-இல் கிராமப் பஞ்சாயத்து, 47-இல் மதுவிலக்கு, 39-இல் ஆணுக்கும் பெண்ணுக்கும் சம வேலைக்குச் சம கூலி. அதற்கெல்லாம் முன்னாலேயே 37-வது பிரிவு, இவற்றை எந்த நீதிமன்றத்திலும் வழக்குப் போட்டுக் கேட்க முடியாது, ஆனாலும் நாட்டை ஆள இவைதான் அடிப்படை என்று இரண்டையும் ஒரே வாக்கியத்தில் சொல்கிறது. "அப்படின்னா எதுக்கு எழுதி வெச்சாங்க?" என்ற கேள்வி உடனே வந்தது. நல்ல கேள்வி. 1948-இல் அரசியல் நிர்ணய சபையிலேயே இது பற்றிப் பெரிய வாக்குவாதம் நடந்திருக்கிறது என்று சொல்லிவிட்டு, பிள்ளைகளையே இரண்டு அணியாகப் பிரித்து விட்டுவிட்டேன்.

என் வகுப்பில் அதிக நேரம் எடுத்துக்கொண்டது 15-வது பிரிவு. அதுவும் 15(2). மதம், இனம், சாதி, பாலினம், பிறந்த இடம் காரணமாக அரசு வேறுபாடு காட்டக் கூடாது என்பது 15(1), அது எல்லாருக்கும் மனப்பாடம். இரண்டாவது உட்பிரிவு அரசு என்ற சொல்லோடு ஆரம்பிக்கவில்லை. எந்தக் குடிமகனையும் இந்தக் காரணங்களுக்காகக் கடைகள், உணவகங்கள், விடுதிகள், பொழுதுபோக்கு இடங்களுக்குள் விடாமல் தடுக்கக் கூடாது என்று வருகிறது, அதற்கடுத்து கிணறு, குளம், குளிக்கும் படித்துறை, சாலை. சட்டப் புத்தகத்தில் படித்துறை என்ன செய்கிறது என்று பிள்ளைகள் சிரித்தார்கள். அப்புறம் நான் எதற்காகக் கிணற்றையும் குளத்தையும் பெயர் சொல்லி எழுத வேண்டி வந்தது என்று கேட்டேன், சிரிப்பு நின்றுவிட்டது. யாரும் பதில் தேடி வெளியே போக வேண்டியிருக்கவில்லை. பக்கத்துப் பக்கத்திலேயே 17, தீண்டாமை ஒழிப்பு. கைடில் இந்த இரண்டும் வேறு வேறு வினா. இங்கே கை விரித்தால் இரண்டும் ஒரே பார்வையில் தெரிகிறது, எழுதியவர்கள் எந்த நாட்டைக் கண் முன்னால் வைத்துக்கொண்டு எழுதினார்கள் என்றும் தெரிகிறது.

அதே 15-இல் நான்காவது உட்பிரிவுக்கு வாருங்கள். சமூக, கல்வி நிலையில் பின்தங்கிய வகுப்பினருக்குச் சிறப்பு ஏற்பாடு செய்ய அரசுக்குத் தடை இல்லை என்று இருக்கும், அடியில் '1951, முதல் திருத்தம்' என்று குறிப்பு. அரசமைப்பு நடைமுறைக்கு வந்து ஒன்றரை வருடம்கூட ஆகவில்லை, அதற்குள் திருத்தம். காரணம் நம் ஊர். மெட்ராஸ் மாகாணத்தில் கல்லூரி இடங்களை வகுப்புவாரியாகப் பிரித்துக் கொடுத்த கம்யூனல் ஜி.ஓ.வை செண்பகம் துரைராஜன் வழக்கில் முதலில் உயர் நீதிமன்றமும், 1951 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் செல்லாது என்றன. இங்கே பெரியார் முதற்கொண்டு கிளர்ச்சி. ஜூனில் திருத்தம் வந்துவிட்டது. இது மட்டுமா, பேச்சுரிமைக்கு வரம்பு போடுகிற 19(2)-இல் 'பொது ஒழுங்கு' என்ற சொல் சேர்ந்ததும் அதே முதல் திருத்தத்தில்தான், அதற்குப் பின்னாலும் மெட்ராஸ் வழக்கு ஒன்று இருக்கிறது, ரொமேஷ் தாப்பர் நடத்திய பத்திரிகையை மெட்ராஸ் அரசு மாகாணத்துக்குள் வர விடாமல் தடுத்த வழக்கு, 1950. அடிக்குறிப்பில் வழக்கின் பெயர் இருக்காது, திருத்தத்தின் எண்ணும் ஆண்டும்தான் இருக்கும், மிச்சத்தை ஆசிரியர்தான் சொல்ல வேண்டும். ஆனால் எதைச் சொல்ல வேண்டும் என்று அந்த எண் காட்டிக்கொடுக்கிறது.

தமிழ்நாடு சம்பந்தமாகத் தேடினால் நிறைய சிக்கும். முதல் அட்டவணையில் மாநிலப் பட்டியலில் ஏழாவதாகத் தமிழ்நாடு, அடிக்குறிப்பில் 'மெட்ராஸ்' என்பதற்குப் பதிலாக, 14-1-1969 முதல். பெயர் மாற்றத்துக்காகச் சங்கரலிங்கனார் பட்டினி கிடந்து உயிரை விட்டதும், 1967-இல் அண்ணா சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்ததும் கடைசியில் ஒன்றரை வரி அடிக்குறிப்பாக இங்கே வந்து நிற்கிறது. ஒன்பதாவது அட்டவணையில் 257ஏ என்று ஒரு வரி, அது நம் 69 சதவீத இடஒதுக்கீட்டுச் சட்டம், 1994-இன் 76-வது திருத்தம் மூலம் உள்ளே போனது. அந்த அட்டவணை மொத்தம் 284 வரைக்கும் போகும், பெரும்பாலும் நிலச் சீர்திருத்தச் சட்டங்களின் பெயர், படிக்க முடியாது, படிக்கவும் வேண்டாம். அதற்குள் போன சட்டத்தை நீதிமன்றம் தொடவே முடியாது என்று கைடு சொல்கிறது; 1973 ஏப்ரல் 24-க்குப் பிறகு சேர்ந்தவற்றைப் பரிசீலிக்கலாம் என்று 2007-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது, அது கைடுக்கு இன்னும் போய்ச் சேரவில்லை போல.

ஏழாவது அட்டவணைதான் என் பிடித்தமான பக்கம். மத்தியப் பட்டியல், மாநிலப் பட்டியல், பொதுப் பட்டியல் என்று பாடத்தில் வருகிறதே, அதன் அசல். மாநிலப் பட்டியலில் பொது ஒழுங்கு, காவல் துறை என்று ஆரம்பித்துப் பத்தாவது வரைக்கும் இறங்கி வந்தால் பதினொன்றாவது இடத்தில் மறுபடி நட்சத்திரங்கள். அங்கே இருந்தது கல்வி. 42-வது திருத்தம், 1976, நெருக்கடி நிலைக் காலம். பொதுப் பட்டியலில் 25-வதாக அது உட்கார்ந்திருக்கிறது. அதோடு கூடவே போனவையும் நட்சத்திரமாக நிற்கின்றன: 19-இல் காடு, 20-இல் வன விலங்கு, 29-இல் எடை அளவு. பிள்ளைகளை மாநிலப் பட்டியலில் எத்தனை இடத்தில் நட்சத்திரம் இருக்கிறது என்று எண்ணச் சொன்னால் போதும், மத்திய மாநில உறவு என்ற பாடத்தைத் தனியாக நடத்த வேண்டியதில்லை. நீட் பற்றித் தொலைக்காட்சியில் கத்திக்கொள்கிறார்களே, அதில் யார் எந்த எண்ணைச் சொல்கிறார்கள் என்று அடுத்த நாள் ஒரு பெண் குறித்துக்கொண்டு வந்தாள், எனக்கே ஆச்சரியம்.

அடிக்குறிப்பு வாசிக்கத் தெரிந்துவிட்டால் இன்னும் விசித்திரமான ஆட்கள் எல்லாம் கண்ணில் படுவார்கள். 22-வது பிரிவு, கைது செய்தால் இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் நீதிபதி முன்னால் நிறுத்த வேண்டும் என்பது (பயண நேரம் அதில் சேராது, அதைப் பலர் விட்டுவிடுவார்கள்). அதன் பின்பாதி தடுப்புக் காவல். அங்கே ஒரு அடிக்குறிப்பு, 44-வது திருத்தத்தின் 3-வது பிரிவு நடைமுறைக்கு வந்தால் இந்த வாசகம் இப்படி மாறும் என்று. வந்தால்! நாடாளுமன்றம் 1978-இல் நிறைவேற்றியது, இன்னும் அமலுக்குத் தேதி குறிக்கவில்லை, விசாரணை இல்லாமல் அடைத்து வைக்கும் காலத்தை மூன்று மாதத்திலிருந்து இரண்டாகக் குறைக்க வந்த வரி அடிக்குறிப்பிலேயே காத்துக் கிடக்கிறது. இதற்கு நேர் எதிராக 368-இல் (4), (5) என்று இரண்டு உட்பிரிவுகள் முழுசாக அச்சாகியிருக்கும், திருத்தம் செய்யும் அதிகாரத்துக்கு எந்த வரம்பும் கிடையாது, நீதிமன்றம் கேள்வி கேட்க முடியாது என்று. படித்தால் அதுதான் சட்டம் என்று தோன்றும். கீழே பார்த்தால், 1980-இல் மினர்வா மில்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைச் செல்லாது என்று அறிவித்தது என்றிருக்கும். நீதிபதிகள் நியமன ஆணையத்துக்கான 124ஏ-வும் அப்படித்தான், 2015-இல் தீர்ப்பு வந்தும் வாசகம் புத்தகத்திலேயே நிற்கிறது. அதனால் அடிக்குறிப்பைப் படிக்காமல் மேலே இருப்பதை மட்டும் படிக்கிறவர் இந்தப் புத்தகத்தை வாங்காமல் இருப்பதே நல்லது.

இந்த இடத்தில் புத்தகத்தின் பெரிய குறையையும் சொல்லிவிட வேண்டும். அடிப்படைக் கட்டமைப்பு என்ற கோட்பாடு (அரசமைப்பின் அடிப்படையையே குலைக்கிற மாதிரி நாடாளுமன்றம் திருத்த முடியாது என்பது), கேசவானந்த பாரதி வழக்கு, 1973, பதின்மூன்று நீதிபதிகள், ஏழுக்கு ஆறு, பத்தாம் வகுப்பிலேயே பேசப்படுகிற சங்கதி, அதற்கு இந்தப் புத்தகத்தின் எந்தப் பிரிவிலும் ஒரு வரி வாசகம் கிடையாது. அரசமைப்பில் எழுதப்படாமல் தீர்ப்புகளால் உருவானது எதுவும் இதில் தெரியாது. 21-வது பிரிவு ஒன்றரை வரி, உயிருக்கும் தனிமனித சுதந்திரத்துக்கும் பாதுகாப்பு. அந்த ஒன்றரை வரிக்குள்தான் அந்தரங்க உரிமை இருக்கிறது என்று 2017-இல் ஒன்பது நீதிபதிகள் சொன்னார்கள் என்பதை வெறும் வாசகத்தை வைத்துக்கொண்டு யாரும் ஊகிக்க முடியாது. ஆக இதை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு மாணவர் தானாகப் படித்துக்கொள்வார் என்று நினைத்து வாங்கிக் கொடுக்காதீர்கள், பக்கத்தில் ஆள் வேண்டும், இல்லாவிட்டால் பாடப்புத்தகமாவது வேண்டும்.

எண்கள் பற்றிப் பிள்ளைகளுக்கு எப்போதும் ஒரு குழப்பம். 395 பிரிவு, 22 பகுதி, 8 அட்டவணை என்று ஒரு இடத்தில், 25 பகுதி, 12 அட்டவணை என்று இன்னொரு இடத்தில். புத்தகத்தின் பொருளடக்கத்தை விரலால் ஓட்டினாலே தெளிந்துவிடும். ஏழாம் பகுதி 1956-இல் எடுக்கப்பட்டுவிட்டது, 4ஏ, 9ஏ, 9பி, 14ஏ என்று நான்கு புதிதாக நுழைந்திருக்கின்றன, கணக்கு சரி. பிரிவுகளிலோ கடைசி எண் இன்றும் 395-தான், நடுவில் வந்தவற்றுக்கெல்லாம் எழுத்து ஒட்டிவிட்டார்கள், பஞ்சாயத்தும் நகராட்சியும் கூட்டுறவும் உள்ளே வந்ததில் 243-க்குப் பின்னால் ஏ-யில் ஆரம்பித்து இசட் முடிந்து இசட்ஏ, இசட்பி என்று இசட்டி வரை போகிறது, பஸ் நிலையத்தில் தடம் எண் பார்க்கிற மாதிரி இருக்கும். நவம்பர் 26-ஆ ஜனவரி 26-ஆ என்ற சந்தேகத்துக்கு 394-ஐத் திறந்து பாருங்கள்: குடியுரிமை, தேர்தல் ஆணையம் உள்ளிட்ட சில பிரிவுகள் உடனே, அதாவது 1949 நவம்பர் 26 அன்றே அமலுக்கு வந்தன, மிச்சமெல்லாம் 1950 ஜனவரி 26-இல். முகவுரையில் இருக்கிற தேதி நவம்பர் தேதிதான், ஆனால் அதே முகவுரையில் சமதர்மம், மதச்சார்பின்மை, ஒருமைப்பாடு என்ற சொற்கள் 1976-இல் சேர்ந்தவை. இதையும் அடிக்குறிப்பு சொல்லும்.

வாக்குரிமை எந்தப் பக்கம் என்று தேடச் சொன்னால் எல்லாரும் மூன்றாம் பகுதிக்குத்தான் ஓடுவார்கள். அங்கே இல்லை, 326-இல் இருக்கிறது. இருபத்தொன்று என்பதைப் பதினெட்டாக மாற்றிய 61-வது திருத்தம் அதன் அடிக்குறிப்பில். அதே மாதிரி 21ஏ, ஆறு முதல் பதினான்கு வயது வரை இலவசக் கட்டாயக் கல்வி, 2002-இல் நிறைவேறி 2010 ஏப்ரல் முதல் தேதியில்தான் நடைமுறைக்கு வந்தது. பிள்ளைகளை அனுப்பிப் படிக்க வைப்பது பெற்றோரின் கடமை என்று 51ஏ-வின் கடைசி உட்பிரிவில் பார்த்ததும் ஒரே குஷி, வீட்டில் போய்ச் சொல்லியிருப்பார்கள்.

பொருள் அகரவரிசை மோசம். பின்பக்கம் சில தாள்களுக்கு இருக்கிறது, ஆனால் ஆளுநரின் ஒப்புதல் எங்கே என்று தேடினால் ஆளுநர் என்ற தலைப்பின் கீழ் கிடைக்காது, மசோதா என்ற தலைப்பில் மூன்றாவது வரியில் கிடக்கும். 200-வது பிரிவு என்று எனக்குத் தெரிந்ததால் பிழைத்தேன். செய்தித்தாளில் இந்த எண் அடிக்கடி வருகிற காலம் என்பதால் அந்தப் பக்கத்துக்கும் 163-க்கும் (ஆளுநருக்கு அமைச்சரவை ஆலோசனை சொல்வது பற்றியது) கலர் தாள் ஒட்டி வைத்திருக்கிறேன். வாங்குகிறவர்கள் முதல் வேலையாக ஒட்டுத்தாள் கட்டு ஒன்றும் சேர்த்து வாங்கிவிடுங்கள், பகுதிகளுக்கு ஒரு நிறம், அட்டவணைகளுக்கு ஒரு நிறம்.

தமிழ் வழிப் பிள்ளைகளுக்கு ஆங்கிலப் பதிப்பா என்று கேட்பீர்கள். தமிழில் அரசு வெளியிட்ட மொழிபெயர்ப்பு இருக்கிறது, நானும் அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் நடத்துகிறேன். வாக்கியம் சில இடங்களில் அரைப்பக்கம் ஓடும், எழுவாயைப் பிடித்துக்கொண்டு பயனிலைக்குப் போய்ச் சேர்வதற்குள் பையன் வேறு உலகத்துக்குப் போய்விடுவான். ஆங்கிலத்திலும் அதே நீளம்தான், ஆனால் 'ஆயினும்' என்று வருகிற காப்பு வாசகங்கள் தனித் தனிப் பத்தியாகத் தள்ளி அச்சாகியிருப்பதால் கண்ணுக்கு எளிது. என் வழக்கம், விதி எது, விலக்கு எது, அந்த விலக்குக்கு விலக்கு எது என்று மூன்று பென்சில் கோடு போடச் சொல்வது. அதற்கு மேல் ஆங்கிலம் தேவைப்படவில்லை.

இலவசமாக வேண்டுமென்றால் மத்தியச் சட்ட அமைச்சகத்தின் இணையதளத்தில் முழு வாசகமும் பிடிஎஃப்பாகவே இருக்கிறது, அடிக்குறிப்போடு, திருத்தங்கள் எல்லாம் சேர்த்து. தேடுவதற்கு அதுதான் வேகம். அப்படியானால் காசு கொடுத்து ஏன் வாங்க வேண்டும்? எனக்குத் தெரிந்த ஒரே காரணம், அலைபேசியில் 19-ஐத் திறந்த பிள்ளை 19-ஐ மட்டும்தான் பார்க்கிறது, அங்கிருந்து 31-க்கும் 300ஏ-வுக்கும் புரட்டுவதில்லை. விரலை ஒரு பக்கத்தில் செருகி வைத்துக்கொண்டு இன்னொரு பக்கத்துக்குப் போகிற வேலை தாளில்தான் நடக்கிறது. வகுப்பில் ஆளுக்கொரு அலைபேசி கொடுக்கிற நிலைமையும் இல்லை.

ஒரு சுவாரசியம். 1949 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் கடைசிக்கட்ட விவாதம் நடந்தபோது மெட்ராஸிலிருந்து போன உறுப்பினர் அம்மு சுவாமிநாதன், அரசமைப்பு என்றால் கைப்பையிலோ சட்டைப் பையிலோ வைத்துக்கொள்கிற மாதிரி சின்னப் புத்தகமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன், இவ்வளவு பெரிதாக வந்துவிட்டதே என்று குறைப்பட்டுக்கொண்டார். அப்போது 395 பிரிவு. இன்றைக்கு 106 திருத்தங்கள் ஏறிய பிறகு அதைக் கைப்பைக்குள் அடக்கியிருக்கிறார்கள் என்றால் அந்தப் பொடி எழுத்தைத் திட்டவும் மனசு வரவில்லை.

மதிப்பெண் போடச் சொன்னால் உள்ளடக்கத்துக்கு அட்டகாசம், பைண்டிங்குக்குப் பாஸ் மார்க், அகரவரிசைக்கு ஃபெயில். சமூக அறிவியல் நடத்துகிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். டிஎன்பிஎஸ்சி படிக்கிறவர்களும் வாங்கலாம், திருத்த எண்களை மனப்பாடம் செய்யாமல் பார்த்துப் பார்த்தே பழகிவிடும். அடுத்த வாரம் அரையாண்டுத் தேர்வு என்று ஓடி வருகிற மாணவருக்கு மட்டும் இது வேண்டாம், அவருக்குக் கைடுதான்.

கடையில் ஒரு விஷயம் பார்த்து வாங்குங்கள். பழைய பதிப்பை அட்டை மட்டும் மாற்றி வைத்திருப்பார்கள், அட்டையில் போட்டிருக்கிற ஆண்டை நம்பாதீர்கள். காசு கொடுப்பதற்கு முன்னால் 330ஏ, 332ஏ, 334ஏ மூன்றும் இருக்கிறதா என்று திறந்து பாருங்கள், மக்களவையிலும் சட்டமன்றங்களிலும் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் ஒதுக்குகிற 106-வது திருத்தம், 2023. 15-இல் ஆறாவது உட்பிரிவு இருக்கிறதா என்பதையும் பாருங்கள், அது 2019-இல் வந்தது. இந்த நான்கில் எது இல்லாவிட்டாலும் வைத்துவிட்டு வேறு பதிப்பு கேளுங்கள், இல்லை என்றால் பிடிஎஃப்பை அச்சுக் கடையில் கொடுத்து இரண்டு பக்கமும் போட்டுச் சுருள் கம்பி மாட்டிக்கொள்ளுங்கள், கனம்தான் கூடும், விரித்து வைத்தால் முதுகு பிளக்காது.